சுப்பிரமணிய சிவாவை ரயிலில் ஏறவிடாத நோய்... இன்று ஒரு கேப்ஸ்யூலுக்குள் இருக்கும் எண்ணெய் அதை எப்படி வெல்கிறது?

தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் போனால் பாப்பாரப்பட்டி. விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா கடைசியாக வாழ்ந்ததும், 1925 ஜூலை 23-ம் தேதி இறந்ததும் இந்த ஊரில்தான். அப்போது அவருக்கு வயது 40. பள்ளிப் பாடத்தில் வ.உ.சி., பாரதியாரோடு சேர்த்துப் படித்த பெயர். ஆனால், அவரைக் கடைசிவரை வாட்டிய தொழுநோயைப் பற்றி நாம் ஒரு வரியோடு கடந்துவிடுகிறோம்.

அதே நோய்க்கு இன்று மருந்து இருக்கிறது. தர்மபுரி உட்பட எந்த ஊர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் அது இலவசம். 6 முதல் 12 மாதத்தில் குணமாகிவிடும். அந்த மருந்துகளில் ஒன்று எண்ணெயும் மெழுகும் கலந்த ஒரு சின்ன கேப்ஸ்யூல். சிவா வாழ்ந்த காலத்திலும் தொழுநோய்க்கு எண்ணெய்தான் மருந்து. அதையும் வாய்வழியாகத்தான் குடித்தார்கள். அந்த எண்ணெய் கைகொடுக்கவில்லை, இந்த எண்ணெய் கைகொடுக்கிறது. ஏன்? விடை நம் குடலில் இருக்கிறது. சிவாவின் வாழ்க்கையோடு சேர்த்து அதைப் பார்ப்போம்.

வத்தலக்குண்டு முதல் தூத்துக்குடி வரை

இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தின் வத்தலக்குண்டில், 1884 அக்டோபர் 4-ம் தேதி ராஜம் ஐயர் - நாகம்மாள் தம்பதிக்கு மகனாகப் பிறந்தார் சிவா. இயற்பெயர் சுப்பராமன். இளம் வயதில் திருவனந்தபுரத்தில் இருந்தபோதே ஊர் ஊராகப் போய் தேசபக்திப் பிரசாரம் செய்தார். அது பொறுக்காத சமஸ்தானம் அவரை வெளியேற்றியது. அங்கிருந்து கிளம்பியவர் வந்து சேர்ந்த இடம் தூத்துக்குடி. சுதேசிக் கப்பல் விட்ட வ.உ.சிதம்பரனாருடன் கைகோத்தார்.

1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலி உயர்வும் வார விடுமுறையும் அவர்களின் முக்கியக் கோரிக்கைகள். வ.உ.சி.யும் சிவாவும் முன்னால் நின்றார்கள். நிர்வாகம் இறங்கி வந்தது. அரசாங்கம் சும்மா இருக்குமா? மார்ச் 12-ம் தேதி வ.உ.சி., சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரும் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலியே கொந்தளித்தது.

ஜூலை மாதம் நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். ராஜத்துரோகப் பேச்சுக்காக சிவாவுக்கு 10 ஆண்டு. வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை. சிவாவுக்குத் துணை நின்றதும் அவர்மீது சுமத்தப்பட்ட குற்றங்களில் ஒன்று. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. 1912-ல் சேலம் சிறையிலிருந்து சிவா வெளியே வந்தபோது வயது 28. வந்தவர் தனியாக வரவில்லை. தொழுநோயும் கூடவே வந்தது.

சிறையில் வெளிப்பட்ட நோய்

தொழுநோயை உண்டாக்குவது ஒரு பாக்டீரியா. நார்வே மருத்துவர் அர்மவர் ஹான்சன் 1873-ல் அதைக் கண்டறிந்தார். பாவத்தின் சம்பளமும் இல்லை, பரம்பரைச் சாபமும் இல்லை என்பது சிவா பிறப்பதற்கு 11 ஆண்டுகள் முன்பே தெரிந்துவிட்டது.

இந்தக் கிருமி ரொம்ப மெதுவானது. ஒன்று இரண்டாகப் பெருகவே சுமார் இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். உடம்புக்குள் நுழைந்து அறிகுறி தெரிய சராசரியாக 5 ஆண்டுகள் ஆகும். சிலருக்கு 20 ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். அதனால், எங்கே தொற்றியது என்று எந்த நோயாளிக்கும் விரல் நீட்டிச் சொல்வது கடினம். சிவாவுக்கு அது வெளிப்பட்டதும் வளர்ந்ததும் சிறையில்.

நோயைவிட வேகமாகப் பரவியது பயம். இந்தியாவில் ஆய்வு செய்த தொழுநோய் ஆணையம், இது எளிதில் தொற்றும் நோய் இல்லை என்று 1890-91 காலத்திலேயே சொல்லிவிட்டது. இருந்தும் 1898-ல் தொழுநோயாளிகளுக்கென்று தனிச் சட்டம் வந்தது. ஆதரவற்ற நோயாளிகளைப் பிடித்து அடைத்து வைக்க அது வழி செய்தது. பின்னாளில் சிவாவுக்கு ரயில் பயணம் மறுக்கப்பட்டதும் இந்தப் பயத்தின் தொடர்ச்சிதான்.

அந்தக் காலத்தில் என்ன மருந்து இருந்தது?

நீரடிமுத்து. நாட்டு மருந்துக் கடைக்காரர்களுக்கும் சித்த வைத்தியர்களுக்கும் தெரிந்த பெயர். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் விதை. அதிலிருந்து பிழியும் எண்ணெய் தோல் நோய்களுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டது. இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு மரத்தின் எண்ணெய்க்கு வங்காளம், பர்மா பக்கம் சால்மூக்ரா என்று பெயர். கல்கத்தாவில் இருந்த ஆங்கிலேய மருத்துவர் மௌவாட் 1854-ல் அதைப் பற்றி எழுதிய பிறகு, மேற்கத்திய மருத்துவமும் அதை எடுத்துக்கொண்டது.

சிவா சிறைக்குப் போன காலத்தில் உலகம் முழுக்க தொழுநோய்க்கு இருந்த முக்கியமான மருந்து இந்த எண்ணெய்தான். சொட்டுச் சொட்டாக ஆரம்பித்து, நாளுக்கு நாள் அளவைக் கூட்டிக் குடிக்க வேண்டும்.

பிரச்னை என்னவென்றால், குடிக்க முடியாது. குமட்டும், வாந்தி வரும், வயிறு எரியும். பலர் பாதியிலேயே விட்டுவிட்டார்கள். விடாமல் குடித்தவர்களிலும் பலன் ஆளுக்கு ஆள் மாறியது. ஏன் இப்படி ஆனது என்று புரிய, எண்ணெய் வயிற்றுக்குள் போனதும் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

எண்ணெய் வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும்?

நல்லெண்ணெய், கடலெண்ணெய், நீரடிமுத்து எண்ணெய் என எதை எடுத்தாலும் அடிப்படை அமைப்பு ஒன்றுதான். கிளிசரால் என்ற ஒரு தண்டு. அதில் மூன்று கொழுப்பு அமில வால்கள். இந்த வால்கள் எப்படிப்பட்டவை என்பதில்தான் எண்ணெய்க்கு எண்ணெய் வித்தியாசம். நீரடிமுத்து எண்ணெயின் வால்களில் ஐந்து கார்பன் அணுக்கள் சேர்ந்த ஒரு வளையம் இருக்கும். சமையல் எண்ணெயில் அது கிடையாது.

இந்த முழு வடிவத்தில் எண்ணெய் குடல் சுவரைத் தாண்டாது. முதலில் வெட்டப்பட வேண்டும். வெட்டும் வேலையைச் செய்பவை நொதிகள். கொழுப்பை வெட்டும் நொதியின் பெயர் லிபேஸ். ('ஞானபானு' என்ற இதழை நடத்திய சிவா, பிறமொழி கலக்காமல் தமிழில் கட்டுரை எழுதுபவருக்கு 5 ரூபாய் பரிசு என்று 1915-ல் அறிவித்தவர். லிபேஸ் என்று எழுதும் நமக்கு அந்தப் பரிசு கிடைக்காது!)

வேலை மூன்று கட்டமாக நடக்கிறது.

முதலாவது, இரைப்பை. இங்கே சுரக்கும் லிபேஸ் கொழுப்பில் ஏறத்தாழ 10 முதல் 30 சதவீதத்தை உடைக்கும். இரைப்பை பிசைந்து பிசைந்து எண்ணெயைச் சிறு துளிகளாக்கும்.

இரண்டாவது, சிறுகுடலின் தொடக்கம். கொழுப்பு இங்கே வந்ததும் குடல் ஒரு ஹார்மோனை வெளியிடும். அந்தச் செய்தி கிடைத்ததும் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரை அனுப்பும். கணையம் தன் லிபேஸை அனுப்பும். பித்த உப்புகள் சோப்பு மாதிரி. எண்ணெய்ப் பிசுக்கான பாத்திரத்தில் சோப்பு போட்டால் எண்ணெய் பொடித்துளிகளாகப் பிரியுமே, அதே கதைதான். துளி சின்னதானால் மேற்பரப்பு அதிகம். மேற்பரப்பு அதிகமானால் நொதி உட்கார்ந்து வெட்ட இடம் அதிகம். கோலிபேஸ் என்ற ஒரு சின்ன புரதம், பித்த உப்பு சூழ்ந்த துளியில் லிபேஸ் நழுவாமல் ஒட்டிக்கொள்ள உதவுகிறது. ஒட்டியதும் ஓரத்து வால்கள் இரண்டையும் வெட்டிவிடும். மிஞ்சுவது நடுவில் ஒரே வாலோடு நிற்கும் கிளிசரால்.

மூன்றாவது, பொட்டலம் கட்டுதல். வெட்டிய துண்டுகளையும் பித்த உப்புகளையும் சேர்த்துச் சில நானோமீட்டர் அளவுள்ள நுண்ணிய உருண்டைகள் உருவாகும். இவற்றுக்கு மிசெல் என்று பெயர். வெளிப்புறம் தண்ணீரோடு ஒத்துப்போகும். உட்புறம் கொழுப்போடு ஒத்துப்போகும். குடல் சுவரின் மேல் இருக்கும் நீர்ப்படலத்தைத் தாண்டிக் கொழுப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பரிசல் இதுதான்.

குடல் சுவருக்குள் போன துண்டுகள் மறுபடி ஒன்று சேர்ந்து, நிணநீர்க் குழாய் வழியாக ரத்தத்தில் கலக்கின்றன. உணவின் மற்ற சத்துகள் முதலில் கல்லீரலுக்குப் போகும். நீண்ட வால் கொழுப்புகள் மட்டும் அந்தச் சோதனைச்சாவடியைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

அப்போ நீரடிமுத்து எண்ணெய் ஏன் கைவிட்டது?

அங்கே எண்ணெயே மருந்து. அதனால் நிறைய குடித்தாக வேண்டும். அந்த எண்ணெயோ வயிற்றை எரிச்சலூட்டக்கூடியது. போதாக்குறைக்கு, கொழுப்பு சிறுகுடலைத் தொட்டாலே இரைப்பை தன் கதவை மெல்லத்தான் திறக்கும். மிச்ச எண்ணெய் மேலேயே தங்கும். குமட்டல் கூடாமல் என்ன செய்யும்? உடம்புக்குப் போதுமான அளவு உள்ளே போகும் முன்பே வாந்தி முந்திக்கொண்டது. மருந்தின் வீரியமும் குறைவு.

சரி, ஊசியாகப் போடலாமே என்று முயன்றார்கள். எண்ணெய் பிசுபிசுவென்று கெட்டி. தோலுக்கடியில் போட்டால் கரையாமல் கட்டி கட்டியாக நிற்கும், தாங்க முடியாத வலி.

இங்கேதான் இரண்டு பேர் வருகிறார்கள். கல்கத்தாவில் லெனார்ட் ராஜர்ஸ், அந்த எண்ணெயின் கொழுப்பு அமிலங்களைப் பிரித்து சோடியம் உப்பாக மாற்றி ஊசியாகப் போட்டார். ஹவாய் தீவில் ஆலிஸ் பால் என்ற இளம் கறுப்பினப் பெண் வேதியியலாளர், 1915 வாக்கில் அதே அமிலங்களை எத்தில் எஸ்டராக மாற்றினார். உடம்பு ஏற்றுக்கொள்ளும் ஊசி மருந்து கிடைத்தது. 1916-ல், 24 வயதிலேயே அவர் இறந்துபோனார். அவர் வேலைக்கான பெயர் பல காலம் வேறொருவருக்குப் போனது.

இருவரும் செய்ததைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கிளிசரால் தண்டிலிருந்து வால்களைப் பிரித்தார்கள். குடலில் லிபேஸ் செய்கிற அந்த வேலையை ஆய்வகத்துக் கண்ணாடிக் குடுவையில் செய்தார்கள். வயிறு மறுத்ததை வெளியே முடித்து, ஊசி வழியாக உள்ளே அனுப்பினார்கள்.

இந்த ஊசிகள் சிலருக்கு நிம்மதி தந்தன. ஆனால், நோயை வேரோடு பிடுங்கும் மருந்து சிவாவின் வாழ்நாளில் வரவே இல்லை.

பாப்பாரப்பட்டியில் சிவா

விடுதலைக்குப் பிறகு சென்னைக்கு வந்த சிவா, உடம்பு ஒத்துழைக்காதபோதும் ஓயவில்லை. 1913-ல் 'ஞானபானு' இதழைத் தொடங்கினார். பாரதியாரும் வ.உ.சி.யும் அதில் எழுதினார்கள். நாடகம் எழுதினார், நடித்தார், மேடை மேடையாகப் பேசினார். 1921-ல் மீண்டும் கைது. உடல்நிலை மோசமானதால் தண்டனைக்காலம் முடியும் முன்பே வெளியே விட்டார்கள்.

அவர் மனதில் ஓர் ஆசை இருந்தது. எந்தச் சாதி, எந்த மதம் என்று பார்க்காமல் எல்லோரும் வந்து வணங்க பாரத மாதாவுக்கு ஒரு கோயில். அதற்கு இடம் கிடைத்தது பாப்பாரப்பட்டியில். அப்போது இது சேலம் மாவட்டத்தோடு இருந்தது; தர்மபுரி தனி மாவட்டமானது 1965-ல்தான். உள்ளூர் நண்பர்கள் உதவியோடு நிலம் வாங்கி, பாரதபுரம் என்று பெயரிட்டு, பாரத ஆசிரமம் அமைத்தார். 1923-ல் வங்கத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் வந்து கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார்.

நிதி திரட்ட ஊர் ஊராகப் போக வேண்டும். ரயிலில் ஏறக்கூடாது என்று தடை. சிவா நடந்தார். முடியாதபோது மாட்டு வண்டியில் போனார். கை கால்களில் புண்ணோடு, உணர்வு மரத்துப்போகும் நோயோடு ஒருவர் நடப்பது எப்படி இருக்கும்? உணர்வு இல்லாத காலில் கல் குத்தினால் தெரியாது. முள் ஏறினால் தெரியாது. புண் ஆறுவதற்குள் அடுத்த காயம். தொழுநோயில் விரல்களும் பாதங்களும் சிதைவதற்கு இது முக்கியமான காரணம். கிருமி நரம்பைத்தான் கெடுக்கிறது. மிச்சத்தைத் தெரியாமல் படும் காயங்கள் செய்கின்றன. அப்படிப்பட்ட ஒருவரைத்தான் நடக்க வைத்தார்கள்.

1925-ல் மதுரை வரை போய்விட்டுத் திரும்பினார். பாப்பாரப்பட்டி வந்து சேர்ந்த கொஞ்ச நாளிலேயே உயிர் பிரிந்தது. கோயில் அவர் காலத்தில் எழவில்லை.

சிவாவுக்குப் பிறகு வந்த மருந்துகள்

அவர் இறந்து 16 ஆண்டுகள் கழித்து, 1941-ல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் சல்ஃபோன் வகை மருந்து தொழுநோய்க்கு முதன்முதலில் பலன் தந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த டாப்சோன் மருந்தைத் தொழுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர் ராபர்ட் காக்ரேன். அவர் அதைச் செய்தது நம் செங்கல்பட்டில்தான். விலை மலிவு, மாத்திரையாகவே விழுங்கலாம். பல ஆண்டுகள் டாப்சோன் ஒன்றே கதியாக இருந்தது. பிறகு கிருமி அதற்குப் பழகிக்கொண்டது.

ஆகவே, உலக சுகாதார நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபசிமின் என மூன்று மருந்துகள். ஒன்றுக்குத் தப்பும் கிருமி மற்ற இரண்டுக்குத் தப்பாது. இதில் மூன்றாவதாக இருப்பதுதான் நம் எண்ணெய் கேப்ஸ்யூல்.

கேப்ஸ்யூலுக்குள் என்ன இருக்கிறது?

குளோஃபசிமின் அடிப்படையில் ஒரு சிவப்புச் சாயம். 1950-களில் அயர்லாந்தின் டப்ளினில் வின்சென்ட் பாரி குழுவினர் காசநோய்க்காக உருவாக்கினார்கள். தொழுநோய்க்கு உதவும் என்று 1960-களில் தெரிந்தது.

இதற்கு ஒரு பிடிவாதம் உண்டு. தண்ணீரில் கரையவே கரையாது. கரையாத மருந்து குடலில் இறங்கினால் செங்கல் பொடி மாதிரி அப்படியே வெளியே போய்விடும். ஆனால் கொழுப்பில் கரையும். எனவே மருந்தை மிக நுண்ணிய துகளாக்கி, தாவர எண்ணெய், தேன்மெழுகு, லெசித்தின் போன்றவை சேர்ந்த கலவையில் கலந்து, மென்மையான ஜெலட்டின் கேப்ஸ்யூலில் அடைத்தார்கள். அப்படிக் கொடுக்கும்போது மருந்தில் 45 முதல் 62 சதவீதம் வரை உடம்பில் சேர்கிறது.

உள்ளே போனதும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு கதி. தாவர எண்ணெயை லிபேஸ் வெட்டும். லெசித்தினின் ஒரு வாலை கணையத்தின் இன்னொரு நொதி வெட்டும். வெட்டியதும் அது இன்னும் நல்ல சோப்பாகிப் பித்த உப்புக்குத் துணை நிற்கும். தேன்மெழுகை மட்டும் நம் நொதிகளால் அவ்வளவு சுலபமாக உடைக்க முடியாது. உடைந்த துண்டுகளும் பித்த உப்பும் கட்டிய மிசெல் பரிசலில் சாயமும் ஏறிக்கொள்கிறது. சோறு செரிக்க உடம்பு வைத்திருக்கும் வழியிலேயே மருந்தும் பயணம் செய்கிறது.

நீரடிமுத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இப்போது புரியும். அங்கே எண்ணெய்தான் மருந்து, அதனால் வயிறு கொள்ளாத அளவு தேவைப்பட்டது. இங்கே எண்ணெய் வெறும் வண்டி. மருந்தின் அளவு தினம் 50 மில்லிகிராம்தான்.

வண்டி சீக்கிரம் உடைந்தால் ஆபத்து இல்லையா?

நல்ல கேள்வி. எண்ணெயில் கரைந்திருந்த மருந்து, நொதிகள் எண்ணெயை வேகமாக வெட்டித் தீர்த்துவிட்டால், உட்கார இடமில்லாமல் மறுபடி படிகமாகி வீழ்ந்துவிடலாம். மிசெல் தயாராக இருந்தால் மருந்து அதற்குத் தாவிவிடும். இல்லாவிட்டால் வீண். எண்ணெய் அடிப்படையிலான எந்த வாய்வழி மருந்தைத் தயாரிப்பவருக்கும் இது பெரிய கவலை.

அதனால் ஆய்வகத்தில் ஒரு செயற்கைக் குடலையே உருவாக்கிப் பார்க்கிறார்கள். உடம்பின் சூட்டில் ஒரு கண்ணாடிப் பாத்திரம். அதில் பித்த உப்பு, லெசித்தின், பன்றியின் கணையத்திலிருந்து எடுத்த நொதிக் கலவை. அதில் மருந்தைப் போட்டதும் நொதி வெட்ட வெட்டக் கொழுப்பு அமிலம் பிரிந்து அமிலத்தன்மை ஏறும். அதைச் சமன்செய்ய எவ்வளவு காரம் ஊற்ற வேண்டியிருந்தது என்று அளந்தால், எவ்வளவு எண்ணெய் உடைந்தது என்று தெரிந்துவிடும். பிறகு அந்தக் கலவையைச் சுழற்றிப் பிரித்து, மருந்து நீர்ப்பகுதியில் இருக்கிறதா, அடியில் வண்டலாகிவிட்டதா என்று பார்ப்பார்கள்.

சாப்பாட்டோடு ஏன் போடச் சொல்கிறார்கள்?

ஒரு கேப்ஸ்யூலில் இருக்கும் எண்ணெய் ரொம்பக் கொஞ்சம். அதை மட்டும் பார்த்துப் பித்தப்பை முழுசாகச் சுருங்காது. சாப்பாட்டில் கொழுப்பு இருந்தால்தான் பித்தநீரும் லிபேஸும் தாராளமாக வரும். வெறும் வயிற்றிலோ, உப்பு மட்டும் போட்ட கேழ்வரகுக் கூழ் குடித்துவிட்டோ போடுவதற்கும், களியும் எண்ணெய் விட்டுத் தாளித்த குழம்பும் சாப்பிட்டுப் போடுவதற்கும் குடல் வித்தியாசம் பார்க்கும். இதற்காக எண்ணெயைத் தனியாகக் குடிக்க வேண்டியதில்லை. வழக்கமான சாப்பாட்டோடு போட்டால் போதும்.

இந்த மருந்து போட ஆரம்பித்தால் தோல் சிவந்தோ கறுத்தோ போகும். பயந்து நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். அதுவும் அந்தச் சாயத்தின் குணம்தான். கொழுப்பில் கரைவதால் உடம்பின் கொழுப்பிலும் தோலிலும் போய்த் தங்குகிறது, மெதுவாகத்தான் வெளியேறும். சிகிச்சை முடிந்து சில மாதங்களில் நிறம் படிப்படியாகத் திரும்பும். பாதியில் நிறுத்துவதுதான் ஆபத்து.

வேறு எந்த மருந்துகளுக்கு இது பொருந்தும்?

உங்கள் வீட்டுக் குழந்தைக்கே கொடுத்திருப்பீர்கள். 9 மாதம் முதல் 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அங்கன்வாடியில் கொடுக்கும் வைட்டமின் ஏ திரவம் எண்ணெய் சார்ந்ததுதான். வைட்டமின் டி கேப்ஸ்யூல்களில் பலவும் அப்படியே. சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்தவர்கள் போடும் சைக்ளோஸ்போரினும் இந்தக் கொழுப்பு வழியை நம்பியது.

ஆகவே கணையம், கல்லீரல், பித்தக்குழாய் ஆகியவற்றில் கோளாறு உள்ளவர்கள், பித்தப்பை நீக்கியவர்கள், எந்த மருந்து எழுதும்போதும் அதை மருத்துவரிடம் சொல்வது நல்லது. உடல் எடை குறைக்க ஆர்லிஸ்டாட் போடுபவர்களும் சொல்ல வேண்டும். அந்த மருந்தின் வேலையே லிபேஸை முடக்குவது. சாப்பிட்ட கொழுப்பில் சுமார் 30 சதவீதம் செரிக்காமல் போகும். கூடவே சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகள் உடம்பில் சேர்வதும் குறையும்.

நாம் செய்ய வேண்டியது என்ன?

தோலில் நிறம் வெளிறிய அல்லது சிவந்த தேமல், அந்த இடத்தில் தொட்டால், சூடு பட்டால் தெரியாத மரத்துப்போன உணர்வு... இது இருந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மருந்து இலவசம். நோயின் வகையைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம். சிகிச்சை தொடங்கிய கொஞ்ச நாட்களிலேயே அடுத்தவருக்குப் பரவும் வாய்ப்பு பெரும்பாலும் நின்றுவிடும். யாரையும் ஒதுக்கி வைக்கத் தேவையே இல்லை. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். மருந்து கிருமியைக் கொல்லும். ஏற்கெனவே செத்துப்போன நரம்பைத் திருப்பித் தராது. தாமதிக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் விலை உண்டு.

நாடு முழுவதும் பொது சுகாதாரப் பிரச்னை என்ற நிலையிலிருந்து தொழுநோய் இறங்கிவிட்டதாக 2005 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. நோய் முற்றிலும் ஒழிந்துவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. இன்றும் புதிய நோயாளிகள் கண்டறியப்படுகிறார்கள். பலர் தாமதமாக வருவதற்கு ஒரு முக்கியக் காரணம், ஊர் என்ன சொல்லுமோ என்ற பழைய பயம். சட்டமும் மெதுவாகத்தான் மாறியது. 1898-ம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது 2016-ல். தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்ற பிரிவுகள் நீக்கப்பட்டது 2019-ல்.

பாப்பாரப்பட்டியில் இன்று சிவாவுக்கு மணிமண்டபம் இருக்கிறது. அவர் கனவு கண்ட பாரத மாதாவுக்கும் அரசு நினைவாலயம் எழுப்பியிருக்கிறது. அந்த வழியாகப் போகும் பேருந்தில் யார் வேண்டுமானாலும் ஏறலாம். அவர் ஏறக்கூடாது என்று தடுத்த நோய்க்கு மருந்து அரசு சுகாதார நிலையத்தில் அட்டையாகக் கிடைக்கிறது. மாலை போடும் நாளில் மட்டும் சிவாவை நினைக்காமல், வீட்டில் யாருக்காவது மரத்துப்போன தேமல் இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பாருங்கள். அவருக்குக் கிடைக்காத மருந்து உங்கள் வீட்டில் ஒருவருக்குக் காலத்தில் கிடைக்கட்டும்.